தனி அடுப்பு, தனி அழைப்பு

என் நாத்தனார் ஜெயலக்ஷ்மிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளோடு இத்தனை வருஷம் காலம் தள்ளியவள் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு. தீபாவளிப் புடவையின் கரை பிடிக்கவில்லை என்றால் பொங்கல் வரைக்கும் பேச மாட்டாள். ஆனால் ஒரே ஒரு தடவை அவள் கோபித்துக்கொண்டாளே, அதற்காக இன்றைக்கும் கபாலி கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். அந்தக் கோபம் வராமல் போயிருந்தால் கடலுக்கு நடுவில் ஒரு சின்ன நாடு, அதில் இரண்டு லட்சம் ஜனங்கள், ஒரு நல்ல காரியத்துக்கு வெளியிலேயே நின்றிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் தோற்றுப்போன மனுஷராகவே மிச்ச காலத்தைக் கழித்திருப்பார்.

அவர் பெயர் பத்ரிநாராயணன். வெளியுறவுத் துறையில் உத்தியோகம். தூதர் கீதர் என்று நினைத்துவிட வேண்டாம். தூதருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கிறவர். கடைசிச் சில வருஷங்கள் ஜெனீவாவில் இருந்தோம். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, விஷவாயு உடன்படிக்கைக்கு ஆள் சேர்ப்பது.

யுத்தத்தில் விஷவாயுவைத் தொட மாட்டோம் என்று 1925ஆம் வருஷமே உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிவிட்டன. நல்ல வாக்குதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. கையெழுத்துப் போட்டபோதே பல பெரிய நாடுகள், ‘இதில் சேர்ந்தவர்களுக்குத்தான் எங்கள் வாக்கு, சேராதவர்களுக்கு இல்லை’ என்று ஓரமாக எழுதிவைத்துவிட்டன. ஆகவே வெளியே நிற்கிற நாட்டின் மேல் யாராவது வாயுவைப் போட்டால் வாக்கு மீறியதாகக்கூட ஆகாது. எல்லோரையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டது. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய சின்னச் சின்ன நாடுகளோடு பேசும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

மற்றவர்களுக்கு அது உத்தியோகம். இவருக்கு அப்படி இல்லை. அறுபத்தேழில் வேறு ஏதோ காரியமாக அரேபியா பக்கம் ஒரு மலைநாட்டுக்குப் போனவர், அங்கே கூடாரத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பார்த்தார். கிராமத்தின் மேல் விழுந்த குண்டிலிருந்து புகை வந்ததாம். உடம்பெல்லாம் கொப்புளம், கண் இரண்டும் மூடிப்போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்த குழந்தையின் முகத்தைக் கையால் தடவித் தடவி, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஜெனீவாவுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது, கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர், ‘வருத்தமான விஷயம்தான், ஆனால் அந்த நாடு உடன்படிக்கையில் சேரவே இல்லையே’ என்று சொல்லிவிட்டு நடந்தாராம். அந்த ஒரு பேச்சு என் வீட்டுக்காரரை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. அதற்குப் பிறகு வீட்டில் மிளகாய் வறுத்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். சாம்பார் பொடிக்கு, லீவில் ஊருக்கு வரும்போது பக்கத்து வீட்டில் வறுத்து வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவர் பங்குக்கு வந்த நாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரே ஒரு தீவு மட்டும் பிடி கொடுக்கவில்லை. இந்துமகா சமுத்திரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், ரோஷக்காரர்கள். மூன்று கடிதம் போட்டும் பதில் வரவில்லை. ஓய்வு பெறுவதற்குள் அந்தத் தீவையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட அத்தனை படபடப்பு இல்லை.

எழுபத்தொன்று தை மாதம், எங்கள் பெண் சுப்புலக்ஷ்மியின் கல்யாணத்துக்காக லீவு போட்டு மயிலாப்பூருக்கு வந்திருந்தோம். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. ஜவுளி எடுக்க தி. நகருக்கும், பாத்திரக் கடைக்கும், மண்டபக்காரரிடமும் நான் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் டில்லியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. அந்தத் தீவின் வெளியுறவு மந்திரி வேலு என்பவர், கண் ஆபரேஷன் செய்துகொண்டு அடையாற்றில் ஒரு வீட்டில் ஓய்வாக இருக்கிறாராம். முடிந்தால் பார்த்துப் பேசு என்றார்கள். நம் ஊரிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன குடும்பத்தின் பேரன் அந்த வேலு. தமிழ் கொஞ்சம் பேசுவார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இவர் குதித்தார். இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் காப்பி கிடைத்தது, காரியம் நடக்கவில்லை. “எங்களுக்குத்தான் அழைப்பே வரவில்லையே” என்று வேலு சொன்னாராம். கடிதங்கள் தபாலில் தொலைந்துவிட்டன என்று நினைத்த என் புத்திசாலி வீட்டுக்காரர், மறுபடி போனபோது நகலை எடுத்துக்கொண்டுபோய், கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனுஷருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். வேலு கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, பாண்டி பஜாரில் பட்டு என்ன விலை விற்கிறது என்று விசாரித்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கடலில் கரைத்த பெருங்காயமாகப் போச்சு என் பேச்செல்லாம் என்றார்.

அன்றைக்கேதான் அடுத்த இடி. ஜெயலக்ஷ்மி கல்யாணத்துக்கு வர மாட்டாளாம். அவள் வீட்டுக்காரர், ராஜகோபாலன் அத்திம்பேர், கபாலி கோயிலுக்குப் போகிற வழியில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். பெண்ணுக்குச் சொந்த அத்தை இல்லாமல் கல்யாணமா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் என்னவென்றால், அக்காவும் அத்திம்பேரும் அதுவரை மயிலாப்பூரில் அத்திம்பேருடைய அண்ணாவோடு கூட்டுக் குடித்தனமாக இருந்தவர்கள். நாங்கள் ஜெனீவாவில் இருந்தபோது பிரிந்து, மேற்கு மாம்பலத்தில் தனிக் குடித்தனம் போட்டிருந்தார்கள். அண்ணா வீட்டில் அழைக்கப் போனபோது இவர், “அக்காகிட்டயும் சொல்லிடுங்கோ” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்துவிட்டார். நான் அன்றைக்குச் சம்பந்தி வீட்டில் இருந்தேன். கூடப் போயிருந்தால் அங்கேயே இவர் வாயைப் பொத்தியிருப்பேன்.

மறுநாள் காலையில் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மாம்பலம் போனோம். ரயிலடியிலிருந்து சந்து சந்தாகப் புகுந்து போக வேண்டும். ஜெயலக்ஷ்மி கதவைத் திறந்தாள். வாங்கோ என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், தம்பியைப் பார்க்கவில்லை. உலக நாடுகளோடு பேசுகிறவர் வாசற்படியில் திருட்டுப் பூனை மாதிரி நின்றார்.

“எனக்குன்னு தனி வாசல் இருக்குடா,” என்றாள். “நானே கோலம் போடறேன், நானே அடுப்பு மூட்டறேன். நீ பெரியவாத்துல நின்னுண்டு, அவாளைக் கூப்பிட்ட கையோட என்னையும் கூப்பிட்டுட்டுப் போயிட்டே.”

“உன்னை விட்டுடலையே அக்கா. சேர்த்துதானே சொன்னேன்?”

“சேர்த்து சொன்னதுதான் தப்பு. விட்டுப்போயிருந்தா, மறந்துட்டான், போறான்னு இருந்திருப்பேன். சேர்த்து சொன்னா என்ன அர்த்தம்? நான் இன்னும் அவா சமையலுள்ள நின்னுண்டிருக்கேன்னு அர்த்தம். தனி அடுப்புக்குத் தனி அழைப்புடா.”

இவர் முகத்தைப் பார்த்தால் பேயறைந்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் மரமாக நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கையால் இடித்தேன். அப்புறம்தான் சுயநினைவு வந்து, தட்டை நீட்டி, “அக்கா, நாலு நாள் முன்னாடியே வந்து இருந்து நீதான் நடத்திக் குடுக்கணும்” என்று முறையாக அழைத்தார். அவள் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி காப்பி போட உள்ளே போனாள். அவ்வளவுதான் கோபம். அழைக்கிற முறையில் அழைத்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படிச் செய்கிறவர் இல்லை. அந்த மூன்று கடிதங்களிலும் என்ன எழுதியிருந்தது தெரியுமா என்று கேட்டார். தீவை முன்பு ஆண்ட துரைமார்கள் அந்தக் காலத்திலேயே உடன்படிக்கையில் சேர்ந்தாயிற்று, அந்தக் கையெழுத்திலேயே நீங்களும் அடக்கம், அதை உறுதி செய்து ஒரு வரி எழுதுங்கள் என்று எழுதியிருந்ததாம். அது செல்லுமா செல்லாதா என்று வக்கீல்களுக்குள்ளேயே தீராத தகராறு. தீவுக்காரர்கள் தங்கள் வாயால் சொன்னால்தான் நிச்சயம்.

“எஜமானாத்து அழைப்புக்குள்ள அவாளைச் சேர்த்துட்டேன் ஜானு,” என்றார். “அதையே அவருக்குப் படிச்சுவேற காட்டினேன்.”

அப்படியானால் தட்டை எடுத்துக்கொண்டு இப்படியே அடையாறு போவோம் என்றேன். அவர் பயந்துபோனார். அரசாங்கத்தின் சார்பில் இப்படி அழைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, டில்லியில் கேட்டால் பதில் வர ஆறு மாதம் ஆகும், ராஜாங்க முறையில் இது அழைப்பே ஆகாது என்று அடுக்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாத்தனாரோடு பழகிய தோஷம்.

“ராஜாங்க அழைப்பா ஆகாட்டா போறது. மனுஷா அழைப்பா இருக்கட்டும்,” என்றேன். “உங்க மேலதிகாரி தட்டைத் தூக்கிண்டு வருவாரா என்ன?”

வீட்டுக்கு வந்து, தட்டில் புதிதாக வெற்றிலை பாக்கு, பழம், இரண்டு தேங்காய் வைத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். சாயங்காலம் அடையாற்றுக்குப் போனோம். ஆற்றை ஒட்டிய வாடகை வீடு. வேலுவுக்குச் சமைத்துப் போட்டுக் கவனித்துக்கொண்ட சுப்பம்மா கதவைத் திறந்தாள். “உள்ளதான் கீறாரு, போங்கம்மா. அழுவுற மாதிரி மட்டும் இன்னாவும் பேசிடாதீங்க. கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு” என்று எச்சரித்தாள்.

வேலு சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் இரண்டிலும் கட்டு. நாங்கள் இரண்டு பேரும் எதிரே நின்றோம். இதுவரை அவரிடம் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத் தமிழில் ஆரம்பித்தார்.

“நானும் என் சம்சாரமும் நேர்ல வந்திருக்கோம். உங்க பழைய எஜமான்கிட்ட சொன்னதை உங்ககிட்ட சொன்னதா நெனைச்சது எங்க தப்பு. உங்க நாட்டை, உங்க பேரைச் சொல்லி, தனியாக் கூப்பிடறேன். நீங்க வந்து நடத்திக் குடுக்கணும்.”

நான் தட்டை அவர் மடிக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவர் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். வெற்றிலையைத் தொட்டார், மஞ்சளைத் தொட்டார், தேங்காயின் குடுமியை விரலால் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும், அவர் அங்கே இல்லை. அந்தக் கூடாரத்தில் இருந்தார்.

தங்கள் ஊரிலும் கல்யாணத்துக்கு இப்படித்தான் அழைப்பார்கள் என்றார் வேலு. தட்டு வராத வீட்டுக்கு அவர் அம்மா காலெடுத்து வைக்க மாட்டாளாம். பிறகு, தன் நாட்டில் ஒரு பீரங்கிகூடக் கிடையாது, போலீஸ்காரர்களுக்கு மட்டும் லத்தி உண்டு, விஷவாயுவை விட மாட்டோம் என்று நாங்கள் சத்தியம் செய்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வழக்கமாக இவர் இந்த இடத்தில் சட்டம் பேச ஆரம்பிப்பார். அன்றைக்குப் பேசவில்லை. அந்த மலைநாட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். குழந்தையின் முகத்தைத் தடவிய கையைப் பற்றிச் சொன்னார். ‘அவர்கள் சேரவே இல்லையே’ என்று ஒருவர் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னார். “உங்க ஜனங்களைப் பத்தி யாரும் அப்படிச் சொல்லிடக் கூடாது. அதுக்காகத்தான் கூப்பிடறேன்” என்றார். கட்டு நனைந்துவிட்டது. சுப்பம்மா கதவோரத்திலிருந்து என்னை முறைத்தாள்.

வேலு, “உங்க வீடு என்ன வாக்கு கொடுத்திருக்கு, ஐயா?” என்று கேட்டார்.

இந்தியாவைக் கேட்கிறார் என்று புரிந்தது. பூசி மெழுகியிருக்கலாம், பத்து நாடுகளில் பழகியவருக்கு அது தெரியாததில்லை. இவர் உண்மையைச் சொன்னார். நாங்களும் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதிலும் எதிரி முதலில் போட்டால் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதியிருக்கிறது என்றார். யார் எழுதினது என்று வேலு கேட்டார். முப்பதாம் வருஷம், எங்களை ஆண்டவர்கள் என்றார். அவங்க போயி இத்தனை வருஷம் ஆச்சே, நீங்க ஏன் மாத்தலை என்று கேட்டார் வேலு. இவர் தலையைக் குனிந்துகொண்டார். காரியம் கெட்டது, நம் தட்டை நாமே கவிழ்த்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

வேலு ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளினார். தான் ஒருவன் முடிவு செய்கிற விஷயம் இல்லை, ஊருக்குப் போய் மந்திரி சபையில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களை வழியனுப்பினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஜெயலக்ஷ்மி நாலு நாள் முன்னதாகவே வந்து, சமையல்காரர்களை அதட்டி, சம்பந்திகளைச் சிரிக்கவைத்து, எனக்கு உட்கார நேரம் கொடுத்தாள். அவள் இல்லாமல் அந்த மூன்று நாளை நான் தாண்டியிருக்க மாட்டேன். வேலு கட்டைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இவர் ஜெனீவாவுக்குத் திரும்பி, சித்திரையோடு ஓய்வு பெற்று வந்தார். தீவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்டால் கிணற்றில் போட்ட கல் என்பார். தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பார். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

வைகாசியில் ஒருநாள் ஜெயலக்ஷ்மி வந்து கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பலகாரத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். தந்தி வந்தது. எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் வந்திருந்தது. இவர் நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவை படித்தபோது உட்கார்ந்துவிட்டார். யாருக்கு என்னவோ என்று பதறிப்போய் நான் வாங்கிப் பார்த்தேன். தங்கள் சொந்தப் பெயரில் சேர்ந்துவிட்டதாக, உடன்படிக்கைப் பத்திரம் இருக்கிற பாரீசுக்கு எழுதிவிட்டோம், நிபந்தனை எதுவும் வைக்கவில்லை, நேரில் வந்து அழைத்ததற்கு நன்றி என்று வேலு அடித்திருந்தார்.

என் வீட்டுக்காரர் அழுதார். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தபோதுகூட அழாத மனுஷர். அந்தத் தீவு ஜனங்களைக் கண்ணால் பார்த்ததில்லை நான், ஆனாலும் ஸ்வாமி உள்ளுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜெயலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவள் சண்டை போட்டது, பஸ்ஸில் தோன்றியது, அடையாற்றில் நடந்தது எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயசுக்காரர், கூடத்தில் அவள் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தார். அவள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு, நிபந்தனை வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

“அவா மேல யார் மொதல்ல போட்டாலும் அவா பதிலுக்குப் போட மாட்டாளாம். சேராதவா மேலயும் போட மாட்டாளாம். யார் மேலயும் கிடையாதுன்னு சொல்லியிருக்கா,” என்றார் இவர். “நாம அந்த வாக்கைக் குடுக்கலை அக்கா. நம்ம வாக்கு இன்னும் பழைய எஜமான் எழுதினதுதான்.”

ஜெயலக்ஷ்மி கையில் இருந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள்.

“அப்போ நம்மளை யாருடா கூப்பிடறது?” என்றாள்.

இவர் அவளையே பார்த்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். டில்லிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னார். எழுதிப் போட்டால் ஆகாது, நேரில் போக வேண்டும் என்றார்.